அறுகம்பையில் மூடுபனி

மலைநாட்டுக்காரனுக்குப் பனிமூட்டத்தின் மேல் கோபம் வராது. எதிர்மலை மறைந்துபோனால் ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பான். எப்படியும் விலகும். இந்த நற்குணம்தான் 2003இல் என் கல்யாணத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

அப்போது நான் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். கொஸ்லந்தையில் இருந்த தாய்மாமாவின் மகள் மலரைப் பெண் கேட்டிருந்தோம். மாமா பிடி கொடுக்கவில்லை. அவர் கவலையெல்லாம் மகன் ரவி மேல். கிழக்குக் கடலோர அறுகம்பையில் ஒரு விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போனவன், வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து அலைச்சறுக்குப் பழகிவிட்டதாகச் சொல்லியனுப்பியிருந்தான்.

"பலகை மேல ஏறி தண்ணியில நிக்கிறானாம்! யார்கிட்ட கத விடுறான்? குடிச்சிட்டு எங்க கெடக்கிறானோ."

"நான் போய் போட்டோ எடுத்துட்டு வர்றேன் மாமா. அப்ப நம்புவீங்களா?"

"மொதல்ல கொண்டாந்து காட்டு. பொறவு கல்யாணத்தப் பேசுவோம்."

என்னிடம் படத்தின் மூலையில் தேதி அச்சடிக்கும் ஃபிலிம் கேமரா இருந்தது. (தேதியில்லாத படம், சாட்சியில்லாத கல்யாணம் என்பது என் கொள்கை.) தூரத்து அலையைப் பிடிக்கும் சூம் லென்ஸ்தான் இல்லை. பழைய புகைப்படச் சஞ்சிகைகளைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பதுளைக்குப் போனேன். கடையில் இரண்டு இருந்தன. ஒன்று குட்டை, வெளிச்சத்தை நன்றாக வாங்கும். மற்றது பீர்க்கங்காய் நீளம், இழுத்தால் புடலங்காய். சஞ்சிகையில் படித்ததெல்லாம் அந்தக் கணமே மறந்தது.

"இதுல பாத்தா கடல்ல மீன் கண்ண சிமிட்டுறதுகூடத் தெரியும் தம்பி," என்றார் கடைக்காரர். (மீன் கண் சிமிட்டாது என்று எனக்கு அப்போதே தெரியும். இருந்தும் வாங்கினேன்.)

ஆபீஸ் வாசலில் நின்று சோதித்தேன். எதிர்மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் மூக்குத்தி தெரிந்தது. அது என் சித்தி. "எதுக்குடா என்னயக் கொழா வச்சுப் பாத்த?" என்று அன்று மாலையே வந்து நின்றார். சோதனை வெற்றி.

மலைக்குளிரில் எதையும் கம்பளியில் சுற்றிவைப்பது எங்கள் வழக்கம். இரவெல்லாம் ஜன்னலோரம் ஜில்லென்று கிடந்த லென்ஸை இரண்டு ஸ்வெட்டரிலும் ஒரு கம்பளியிலும் கைக்குழந்தை போலச் சுற்றி, முதல் பஸ்ஸில் ஏறினேன்.

அறுகம்பையில் ரவி பலகையோடு காத்திருந்தான். கம்பளியைப் பிரித்து லென்ஸை மாட்டிக் கண்ணை வைத்தேன். ஒரே வெள்ளை.

"மச்சான், எறங்கவா?"

"பொறு. பனி விலகட்டும்."

"பனியா? மணல் சுட்டு நான் குதிச்சிக்கிட்டு நிக்கிறேன் மச்சான்!"

"ஒன் கண்ணுக்குத் தெரியாது. இது பவர் கூடின லென்ஸ். தூரத்துப் பனியையும் காட்டும்."

மேலும் கீழும் என்னைப் பார்த்துவிட்டு அவன் கடலில் இறங்கினான். நான் லென்ஸில் வெயில் படாமல் மறுபடி கம்பளியைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேன். அன்றைய டயரியில் "வெயில் கடுமை; பனி அதிகம்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறேன். முரண்பாடு கண்ணில் படவில்லை. பஸ்ஸுக்கு நேரமானதும், ஸ்டூடியோவில் கழுவினால் தெளிந்துவிடும் என்று நம்பி, ஃபிலிம் தீரும்வரை அந்த வெள்ளையையே எடுத்துத் தள்ளினேன்.

தெளியவில்லை. குளிரில் கிடந்த கண்ணாடியைக் கடற்கரைப் புழுக்கத்தில் திறந்தால் ஆவி படியும் என்பதைக் கழுவிக் கொடுத்தவர் சொல்லித்தான் அறிந்தேன். வேறு வழியில்லாமல் படங்களை மாமாவிடம் நீட்டினேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது கடலா? நம்ம பூனாகலைப் பனியில்ல இது? அப்ப பய கடல் பக்கமே போகல. நம்ம தோட்டத்துலயே எங்கயோ ஒளிஞ்சிருக்கான். நீயும் கூட்டு!"

"இல்ல மாமா, தேதியப் பாருங்க..."

"ஆமா, தேதி மட்டும் நல்லா வெளங்குது."

கதவுக்குப் பின்னால் மலர் சிரித்தாள். என் கல்யாணம் பனியில் மறைவதை வெறுங்கண்ணாலேயே பார்த்தேன்.

மகன் அங்கே இல்லவே இல்லை என்று காட்டி எங்கள் கூட்டை உடைக்க மாமாவே மறுவாரம் அறுகம்பைக்குப் பஸ் ஏறினார். மூக்குத் தோல் உரிந்து திரும்பி வந்தார். "நிக்கிறான் புள்ள, நெசமாவே நிக்கிறான்!" என்று அத்தையிடம் அவர் சொன்ன குரல் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஒன் போட்டோ நல்லா இருந்திருந்தா, நான் போயே இருக்க மாட்டேன். சரி, தேதி வைப்போம். அதுலதான் நீ கெட்டிக்காரனாச்சே."

இப்போதும் எதிர்மலையில் பனி இறங்கினால் போதும், அடுப்படியிலிருந்து மலர் கூவுவாள்:

"என்னங்க, கடல் வந்திருச்சு! கேமராவத் தூக்கிட்டு ஓடுங்க!"