உப்பெடுக்கும் சித்தர்

அடடா, அந்தக் கூட்டத்தைப் பார்க்கணுமே! சேத்தியாத்தோப்பிலிருந்து வேன், கடலூரிலிருந்து கார். சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலை ஒட்டிய அந்தக் கிராமத்துக்கு, 'தானே' புயலின் சேதம் பார்க்கக்கூட இத்தனை வண்டி வரவில்லை.

எல்லாம் உப்பெடுக்கும் சித்தருக்காக. ஊர் போர்வெல் தண்ணியில் கையை வைத்தாராம், உப்பு ஓடிப்போச்சாம். பிரசாதப் பொடியை மென்றுவிட்டு ஒரு டம்ளர் குடித்தால் கற்கண்டாம். அதே தண்ணி வீட்டுக்குப் போனால் ஏன் கரிக்கிறது? சந்தேகத்தோடு குடிக்கிறோமாம். எவ்வளவு வசதி பாருங்கள்!

குடிநீர்க் குழு உறுப்பினர் ஜான்சிக்கு வயிறு எரிந்தது. தண்ணி குறைந்தால் போரை இன்னும் ஆழமாக இறக்கு என்பது குழுவின் பழைய தீர்மானம். இறக்க இறக்கக் கடல்தான் உள்ளே வந்தது. "உலகம் பூரா கடல் ஏறுது. போர நிறுத்திட்டு, குளத்த வெட்டி மழத்தண்ணியத் தேக்குவோம்" என்று ஒரு வருஷமாகக் கத்துகிறாள். குழு அசைந்ததா? ஊருக்கிருக்கிற அந்த ஒரே குளத்தையும் தூர்த்து, சித்தருக்கு மடம் கட்டத் தீர்மானம் எழுதிவிட்டது. இன்றைக்குக் கையெழுத்து.

ஜான்சி சர்ச்சுக்குப் போகிறவள், பிரசாதம் சாப்பிடுவதில்லை. வெறும் வாயில் குடித்தாள். கரித்தது. பக்கத்தில் ரத்தினம்மாள் பொடியை மென்று குடித்துவிட்டு, "தேனு, தேனு" என்று கண்ணை மூடி உருகினாள். ஜான்சிக்குப் பொறி தட்டியது.

"சாமி, இன்னைக்கு மொதல்ல தண்ணி குடுங்க. அப்புறம் பொடி."

"அது மொறையில்ல தாயி." சித்தர் நெளிந்தார்.

"உப்பு தண்ணியிலேர்ந்துதான போச்சு? எது முன்னால போனா என்ன?"

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. குழுத் தலைவர் ராஜவேல் தண்ணியைக் குடித்தார். சித்தர் காலடியிலேயே 'தூ' என்று துப்பினார். பிறகு பொடியை மென்று அதே தண்ணியைக் குடித்தார். இனித்தது!

ரத்தினம்மாள் பொடியை வாங்கி, இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு மென்றாள். பச்சைக் கற்பூர மணத்துக்கு அடியில் ஒரு துவர்ப்பு.

"அடப்பாவி, நெல்லி வத்தல இடிச்சு வச்சிருக்கான்! நெல்லிக்கா தின்னா எந்தத் தண்ணியும் இனிக்குமேடா!"

சித்தர் கார் ஏறுவதற்குள் காவி வேட்டியில் பாதிதான் மிச்சம்.

"அப்ப உப்புக்கு என்னதாம்மா வழி?" ராஜவேல் தலையைச் சொறிந்தார்.

"தீர்மானத்த மாத்துங்கன்னேன், நீங்க நாக்க மாத்திக்கிட்டீங்க. ஊர்ல பக்தி இருக்கான்னு கேட்டுக்கிட்டா கடல் வருது? வாயக் கொப்புளிச்சிட்டு, இனிமேலாவது மூளையால யோசிங்க தலைவரே!"