ஜன்னல் தின்ற பேய்

இந்தோனேசியாவின் சுரபாயா நகரில், ‘பாக்’ (ஐயா) என்று எல்லோரும் அழைக்கும் ஹர்டோனோவின் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் ஒரு பேய் குடியேறியிருந்தது. ரத்தம் குடிக்காது, எலும்பு கடிக்காது. ஜன்னல் மட்டும் தின்னும்! அதுவும் மகப்பேறு மருத்துவமனையின் பிளானில், கழிப்பறை ஜன்னல்களை மட்டும். கணினியில் கட்டடத்தை முழு உருவமாகப் பார்த்தால் ஜன்னல் இருக்கும். பிளானைத் திறந்தால் வெறும் சுவர்.

பேயோட்ட வந்தவர் கி சம்பாங். ‘கி’ என்பது அந்த ஊரில் மந்திரவாதிக்கு வைக்கும் மரியாதைப் பட்டம். நீண்ட தாடி, கறுப்புச் சட்டை, அறை நிறையப் புகை. எல்லோரும் வெளியே போய்க் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே அவரும் கணினியும் மட்டும். கதவு திறந்தால் பிளானில் ஜன்னல்கள் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும்! அக்கம்பக்கத்து அலுவலகங்களெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டன. ஒரு கறுப்புச் சேவலும் பணம் வைத்த கனத்த உறையும் அவரோடு போகும். அடுத்த வாரமே வேறொரு மாடியில் ஜன்னல் காணாமல் போகும். பேய்க்குப் பசிக்காதா என்ன? பேயை விடுங்கள், கிக்குப் பசிக்காதா?

இந்த விஷயத்தில் சிரித்தவள் ஒருத்திதான். புதிதாகச் சேர்ந்த கட்டடக்கலைஞர் லாராஸ். சிரிப்பு கியின் காதில் விழுந்துவிட்டது.

"பேய் இந்தப் பொண்ணு மேலதான் உட்கார்ந்திருக்கு. வேலையை விட்டு அனுப்பிடுங்க பாக்."

ஹர்டோனோ தலையைச் சொறிந்தார். லாராஸ் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம்கூட வாங்கவில்லை. ஆனாலும் எழுந்து நின்றாள்.

"போறேன் பாக். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அவர் பேயை ஓட்டட்டும். ஆனா மவுஸும் கீபோர்டும் என் பையில இருக்கும்."

"மந்திரத்துக்கும் மவுஸுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று சீறினார் கி.

"அதைத்தான் நானும் கேக்குறேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கி வேறு வழியின்றி உள்ளே போனார். புகை வந்தது, மந்திரம் வந்தது, இருமல் வந்தது. ஜன்னல் மட்டும் வரவில்லை.

"பேய் இன்னைக்குக் கோவமா இருக்கு" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

லாராஸ் மவுஸையும் கீபோர்டையும் மாட்டினாள். "பிளான்னா என்ன பாக்? கட்டடத்தைக் கேக் மாதிரி குறுக்கே வெட்டி, மேல் பாதியை எடுத்துட்டு, உள்ளே எட்டிப் பார்க்கிறது. இங்க நெஞ்சு உயரத்துல வெட்டியிருக்கு. கழிப்பறை ஜன்னல் தலை உயரத்துல இருக்கு. மேல் பாதியோட அதுவும் போயிடுச்சு. வெட்டுற உயரத்தை ஏத்துங்க."

ஹர்டோனோ வெட்டும் உயரத்தை ஏற்றினார். ஜன்னல் வந்தது. இறக்கினார். போனது. மறுபடி ஏற்றினார், மறுபடி இறக்கினார். கையை எடுக்கவே மனமில்லை அவருக்கு.

"அப்ப ஒவ்வொரு வாரமும் புதுசா போச்சே, அது?" என்று கேட்டார்.

பக்கத்து அலுவலகத்து எண்டாங் அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தார். கியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அடப்பாவி! எங்க ஆபீஸ்ல பிளான் வரைஞ்சுக்கிட்டிருந்த சம்பாங்தானே நீ? தாடிக்குள்ள ஒளிஞ்சிருக்கே! இங்க ஒரு மாடியில வெட்டுற உயரத்தை ஏத்திட்டு, இன்னொரு மாடியில இறக்கி வச்சிட்டுப் போனியா?"

கி செருப்பைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினார்.

லாராஸின் வேலை தப்பியது. பிளான் ஜன்னல்களோடு அச்சுக்குப் போனது. கூட்டம் கலையும்போது ஒருவர் அவளிடம் மெல்லக் கேட்டார்: "மேடம், எங்க பிரிண்டரையும் ஒரு பேய் பிடிச்சிருக்கு. என்ன பூஜை பண்ணணும்?"

தலை உயரத்தில் இருப்பது பிளானில் தெரியாமல் போனதற்குக் காரணம், வெட்டிய உயரம். தலைக்குள்ளே மூளை இருப்பது இவர்களுக்குத் தெரியாமலே போனதற்கு என்ன காரணமாம்?