ஏழாம் மலை நிர்மூலம்

அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு வந்த சனம் கலையாமல் அறிவித்தல் பலகையையே முறைத்துக்கொண்டு நின்றது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது; அங்கே தேயிலைப் பகுதி ஒவ்வொன்றும் ஒரு மலை. இரகுநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாக்கராக வந்து எட்டு நாள்தான். தோட்டத் துரை தொலைபேசியில் சொன்ன வேலையை நல்ல தமிழில் எழுதி ஒட்டியிருந்தார்: 'ஏழாம் இலக்க மலை திங்கட்கிழமை நிர்மூலமாக்கப்படும்.'

"கிளாக்கர் ஐயா, எங்க லயத்து வீடெல்லாம் அந்த மலையிலதாங்க இருக்கு." என்றாள் கொழுந்து பறிக்கும் யோகமலர். "மொத்தமா அழிக்கப் போறீங்களா?"

"ஐயோ, இல்லையம்மா! நிர் எண்டால் இல்லாமல். மூலம் எண்டால் வேர். வேரில்லாமல் செய்யிறது. அழிவு எண்ட கருத்துப் பிறகு வந்தது."

அந்த விளக்கத்தையும் எழுதிக் கீழே ஒட்டினார்.

மத்தியானத்துக்குள் நான்கு குடும்பங்கள் மூட்டை கட்டிவிட்டன. "லயத்த வேரோட புடுங்கப் போறாங்களாம்!" என்று ஒருவர் கூரைத் தகரத்தையே கழற்றத் தொடங்கியிருந்தார்.

அலுவலக வாசலில் இன்னொரு வரிசை. முன்னால் நின்றவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மூலத்த இல்லாம பண்றீங்களாமே. மருந்து இன்னைக்கே கெடைக்குங்களா? உக்கார முடியலீங்க."

இரகுநாதன் இரண்டு தாள்களையும் கிழித்தெறிந்தார். "பாத்தீங்களா, மறைக்கிறாங்க!" என்று சத்தம் கிளம்பியது. கொழுந்து நிறுக்க ஒருவரும் வரவில்லை.

ஐந்து மணிக்குத் துரை வந்துவிடுவார். எட்டே நாளில் வேலை போய்விட்டது என்று வீட்டில் எப்படிச் சொல்வது? லயத்துக்கு ஓடினார். மூச்சிரைக்கக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்கட வீடுகளை ஒருத்தரும் தொடமாட்டினம்! தேயிலைச் செடியளை மட்டும்தான் வேரோட பிடுங்கிறது!"

ஒரு பெண் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். "செடியே இல்லாட்டி எதப் பறிக்கிறது? எங்க பொழப்பு?"

யோகமலர் முன்னால் வந்தாள். "தொரை என்னதாங்க சொன்னாரு? சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

இரகுநாதன் தலையைக் குனிந்தார். "ஏழாம் மலைக்குக் கவ்வாத்து எண்டு சொன்னவர். அந்தச் சொல் எனக்கு விளங்கேல்லை. திருப்பிக் கேட்க வெட்கமாக் கிடந்தது. செடியளை அழிக்கிறதாக்கும் எண்டு நினைச்சன்."

யோகமலர் கையைக் கத்திபோல வீசிக் காட்டினாள்.

"கவ்வாத்துன்னா மேலால வெட்டி விடுறதுங்க ஐயா. செடி நல்லாத் தழைச்சு வரணும்னு."