பத்தாவது அடியில் கூப்பிடுவார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் திருந்தவில்லை. திருந்தும் உத்தேசமும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. அந்த உத்தேசம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில், பட்டப்பகலில், நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது செத்துப்போனது.

பி.ஏ., வாத்தியார் படிப்பான பி.டி. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் பேனாவைச் செருகிவிட்டால் அப்பாவிடமிருந்து ஒட்டியதெல்லாம் உதிர்ந்துவிடும் என்று நம்பியவன் நான். (அது ஒழுகுகிற பேனா. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.)

என் அப்பா மாட்டுத் தரகர். ஊர் முசிறிக்குப் பக்கம். மணப்பாறைச் சந்தையில் அவரைத் தெரியாத மாடு கிடையாது. பல்லைப் பார்த்து வயசு சொல்வார், நடையைப் பார்த்துக் குணம் சொல்வார். கையெழுத்துப் போட மட்டும் தெரியாது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, மறுநாளும் அங்கே போன முதல் ஆள் நான்தான். என்னைப் படிக்கவைக்க அப்பா வருஷத்துக்கு ஒரு மாடாகத் தன் சொந்த மாடுகளை விற்றார். தொழுவம் காலியானது, நான் பி.ஏ. ஆனேன்.

அப்பாவின் தொழிலில் ஒரு முறை உண்டு. பிடித்த மாட்டைப் பிடித்திருக்கிறது என்று சொல்லவே கூடாது. "அடடா, என்ன அழகு!" என்று அவர் ஒரு மாட்டைப் புகழ்ந்தால் அதை வாங்கப்போவதில்லை என்று அர்த்தம். நிஜமாகவே மனசுக்குப் பிடித்த மாட்டைக் கண்டால் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் ஆகிவிடும். நாக்கால் 'ச்சு' என்று ஒரு சத்தம் கொடுப்பார். இடுப்பில் கைவைத்து மாட்டை ஒரு சுற்று வருவார். கொம்பு கோணல், குளம்பு அகலம், வால் குட்டை என்று ஒவ்வொரு குறையாக எடுத்துவிடுவார். விற்கிறவன் வெறுத்துப்போய் "அப்போ வேண்டாமா?" என்பான். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்குவார். மெதுவாக நடப்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். பத்தாவது அடிக்குள் பின்னாலிருந்து "அண்ணே, வாங்க!" என்று குரல் வரும். முதல் குரலுக்குத் திரும்பக் கூடாது. மூன்றாவது குரலுக்குத்தான் திரும்பி, ஏதோ வழி கேட்கிறவனைப் பார்ப்பதுபோல "என்ன?" என்பார்.

இது சந்தையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் வந்துவிட்டது. குழம்பு அமிர்தமாக இருந்தால் "உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்பார். அம்மா முகம் மலர்ந்து இன்னொரு கரண்டி ஊற்றுவாள். ஒருநாள் தெரியாத்தனமாக "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டார். அம்மா அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். வகுப்பில் நான் முதலாவதாக வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரரை விட்டு மார்க்கைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, "ச்சு... கணக்குல ரெண்டு மார்க்கு எங்கடா தம்பி போச்சு?" என்றார். மறுநாள் சந்தையில் யார் யாரிடமோ அந்த மார்க்கைச் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

திருச்சியில் காலேஜில் சேர்ந்த பிறகு இதெல்லாம் எனக்கு வெட்கமாகிவிட்டது. 'ச்சு' போடாதே, இடுப்பில் கைவைக்காதே, எதையும் சுற்றிவராதே என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். என் அறைத்தோழன் சவரிமுத்துவின் கண்ணாடியில் பார்த்து, "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று சிரித்த முகத்தோடு சொல்லப் பயிற்சி எடுத்தேன். கண்ணாடியில் இருந்தவன் நம்பவில்லை.

நயா பைசா வந்த புதிது. பஸ்ஸில் கண்டக்டரும் ஜனங்களும் அணாவா பைசாவா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். அப்போதுதான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து சரித்திர வாத்தியார் வேலைக்கு இண்டர்வியூ கார்டு வந்தது.

"செருப்போட போனா பியூன் வேலைதான்டா குடுப்பாங்க" என்று சவரிமுத்து தன் ஷூவைக் கொடுத்தான். அது என் காலுக்கு ஓர் அளவு பெரிசு. நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் 'கீச்' என்று கத்தும்.

அப்பாவும் கூட வந்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். முசிறி பஸ்ஸில் வந்து, திருவானைக்காவலில் இறங்கி, இருவரும் நடந்தோம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே நின்று, இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிற அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"அப்பா, நீங்க கேட் பக்கம் வராதீங்க. அந்தப் பூவரச மரத்தடியிலயே இருங்க."

அப்பா மரத்தைப் பார்த்தார். "ச்சு... நெழலு பத்தாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேனோ இல்லையோ, மனம் பறிபோய்விட்டது. நீளமான வராந்தா. கண்ணாடி போட்ட அலமாரி நிறையப் புத்தகங்கள். ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பு, அதற்கு மேலே கோபுரம், காவேரிப் பக்கமிருந்து காற்று. என் பள்ளிக்கூடத்தில் மழை பெய்தால் வாத்தியாரும் நாங்களும் ஒரே மூலையில் நிற்போம். இந்த இடத்தில் பாடம் நடத்தச் சம்பளம் வேறு தருகிறார்களா என்று நினைத்தேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் உயிரோடிருந்து பயனில்லை என்றே முடிவுகட்டினேன். (இருபத்து மூன்று வயசில் முடிவுகள் அப்படித்தான் இருக்கும்.)

அறையில் இரண்டு பேர். நடுவில் பள்ளியின் செக்ரெட்டரி, நெற்றி நிறைய நாமம், வெள்ளை வெளேரென்று அங்கவஸ்திரம். பக்கத்தில் ஹெட்மாஸ்டர், மூக்குக்கண்ணாடிக்காரர். சரித்திரத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். வேலை என் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

செக்ரெட்டரி சந்தோஷமாக நாற்காலியில் சாய்ந்தார்.

"பேஷ். இந்தப் பள்ளிக்கூடம் எங்க தாத்தா கட்டினது. வரச்சே சுத்திப் பார்த்தேளோன்னோ? எப்படி இருக்கு, சொல்லுங்கோ."

ஒரு வார்த்தை. கண்ணாடி முன்னால் ஒரு மாசம் பழகிய ஒரே ஒரு வாக்கியம். வாயைத் திறந்தேன்.

"ச்சு" என்றேன்.

"என்ன ச்சு?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"ஒண்ணுமில்லீங்க. கட்டடம் பழசு" என்றது என் வாய். "தெக்குச் செவுத்துல வெடிப்பு விட்டிருக்கு. லைப்ரரி அலமாரிக்கு ஒரு காலு குட்டை, அட்டை குடுத்து நிறுத்தியிருக்கீங்க. மணிச் சத்தமும் சுரத்தா இல்லே."

உள்ளுக்குள் ஒருவன் நிறுத்துடா, நிறுத்துடா என்று அலறுகிறான். நானோ அதற்குள் எழுந்து, இடுப்பில் கைவைத்து, மேஜைமேல் இருந்த பூகோள உருண்டையைச் சுற்றிவர ஆரம்பித்திருந்தேன்.

"உருண்டை சாஞ்சிருக்கு" என்றேன். (பூமியே சாய்ந்துதான் இருக்கிறது என்று பி.டி.யில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.)

"பசங்க எப்படி?" என்றார் செக்ரெட்டரி. குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"மெலிவு. தீனி பத்தலே போல."

"வாத்தியார்கள்?"

இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். எதிரே ஹெட்மாஸ்டர் அதிர்ச்சியில் வாயைப் பிளந்திருந்தார். வாய் திறந்திருந்தால் பல்லைப் பார்ப்பது எங்கள் குடும்ப வழக்கம். குனிந்து பார்த்தேன்.

"ஹெட்மாஸ்டர் ஐயாவுக்கு வயசாயிட்டுது. இன்னும் நாலு வருஷம் ஓடும்."

அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் சரியில்லை, ஆனால் அதைச் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் என்னைப் பாராட்ட வேண்டும்.

"ஓய்!" என்றார் செக்ரெட்டரி. "நீர் வேலை கேட்க வந்திருக்கீரா, பள்ளிக்கூடத்தை வாங்கிண்டு போக வந்திருக்கீரா? அப்போ, எங்க பள்ளிக்கூடம் உமக்கு வேண்டாமாக்கும்?"

கவனியுங்கள். "அப்போ வேண்டாமா?" சந்தையில் விற்கிறவன் இறங்கிவரும்போது சொல்கிற அதே வார்த்தை. என் ரத்தத்தில் இருந்த தரகர் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

"பார்க்கலாம்" என்றேன். சொல்லிவிட்டு நடந்தேன்.

கீச். கீச். கீச்.

கூப்பிடுவார்கள். ஐந்தாவது அடியில் வேகத்தைக் குறைத்தேன். கீ...ச். ஏழாவது அடியில் கதவு வந்துவிட்டது. கதவருகே குனிந்து, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். சத்தமில்லை. வராந்தாவில் காத்திருந்த மற்ற பி.ஏ., பி.டி.க்கள் என்னைப் பார்த்தார்கள். ஒன்பது. பத்து. பத்து முடிந்தது. பெரிய இடம், இருபதாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். முப்பதாவது அடியில் குழாயைத் திறந்து தாகமில்லாமல் தண்ணீர் குடித்தேன்.

கேட்டை நெருங்கும்போது பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல்.

"சார்!"

நான் திரும்பவில்லை. முறை தெரிந்தவன்.

"சார்! சார், நில்லுங்க!"

ஓடிவரும் சத்தம் கேட்டது. முகத்தில் வேப்பெண்ணெயை வரவழைத்துக்கொண்டேன்.

"யோவ் சார்!"

மூன்றாவது குரல். மெதுவாகத் திரும்பி, வழி கேட்கிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "என்ன?" என்றேன்.

பியூன் மூச்சு வாங்க நின்றார். "உங்க சர்டிபிகேட்டு. மேஜை மேலயே விட்டுட்டு வந்துட்டீங்க."

பூவரச மரத்தடிக்குப் போனேன். நான் கேட்டில் திரும்பி நின்றதை அப்பா தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார். எழுந்து நின்றார்.

"கூப்பிட்டாங்களா?"

"இல்லே."

"மொதல்ல எதைக் கொறை சொன்னே?"

"கட்டடம்."

"சரி. அப்புறம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஹெட்மாஸ்டர் விஷயம் வந்தபோது அப்பாவின் கண் பளிச்சிட்டது. "பல்லைப் பார்த்தியா?"

"பார்த்தேன். கட்டுப்பல்லு."

"அப்போ நாலு வருஷம் ஜாஸ்தி" என்றார். பிறகு யோசித்து, "எடம் தப்புடா தம்பி. சந்தையில அவன் வித்தாகணும், அதனால கூப்பிடுவான். இங்க வராந்தா நெறைய ஆளு நிக்கிதே, உன்னை எதுக்குக் கூப்பிடப் போறாங்க?"

அவ்வளவுதான். நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "எல்லாம் உங்களாலதான்! உங்க புத்திதான் எனக்கு வந்திருக்கு! பி.ஏ. படிச்சு என்ன, பி.டி. படிச்சு என்ன, வாயைத் திறந்தா நீங்கதான் வரீங்க!"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி தம்பி. பார்க்கலாம்" என்றார். பஸ் நிற்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

மெதுவாக நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வீம்பாக நின்றேன். ஆனால் மனசு எண்ணிக்கொண்டிருந்தது. ஐந்து. ஆறு. அந்த மனிதர் தொழுவத்தையே காலி செய்துவிட்டு நடந்து போகிறார். எட்டு. ஒன்பது.

"அப்பா!"

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"அப்பா! அப்பா, நில்லுங்க!"

மூன்றாவது குரலுக்குத் திரும்பினார். முகத்தில் அதே வேப்பெண்ணெய். "என்ன?"

"காபி சாப்பிட்டுப் போகலாம்."

"ச்சு... இந்த ஊர்ல காபி நல்லா இருக்காதே" என்று சொல்லிக்கொண்டே, என்னைவிட வேகமாகக் காபி கிளப்புக்குள் நுழைந்தார். இரண்டு டம்ளர் குடித்தார்.

அந்த வேலை கிடைக்கவில்லை. ஆறு மாசம் கழித்து உறையூரில் வேறொரு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. அங்கே பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கிடைத்ததற்கு அது ஒன்றே காரணம். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். நல்ல கட்டுரை எழுதிய பையனிடம் "கையெழுத்து மோசம்" என்கிறேன். பையன் சிரித்துக்கொண்டு போகிறான். மற்ற வாத்தியார்கள் என்னை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். மாட்டேன். அவர்கள் 'வெரி குட்' போடுகிறார்கள். அந்தப் பையன்கள் நோட்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

வீட்டிலும் என் பாஷை புரிந்துவிட்டது. சண்டை போட்டுக்கொண்டு நான் வாசலுக்கு நடந்தால் உள்ளேயிருந்து என் மனைவி சத்தமாக எண்ணுவாள். "ஏழு... எட்டு... செருப்பைத் தேடுற மாதிரி நடிக்காதீங்க, அது கால்லதான் இருக்கு... ஒன்பது... சரி வாங்க, சோறு ஆறுது." பத்து வரைக்கும் என்னை அவள் விட்டதேயில்லை. அவளுக்கு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும்.

போன மாசம் அப்பா வந்திருந்தார். மூன்று பேருமாகத் தெப்பக்குளம் பக்கம் போனோம்: அப்பா, நான், ஐந்து வயசாகும் என் மகள். பொம்மைக் கடையில் ஒரு மரக்குதிரையைப் பார்த்து அவள் நின்றுவிட்டாள். கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் "பாப்பாவுக்குப் பிடிச்சிருக்கா?" என்றார்.

அவள் இடுப்பில் கைவைத்துக் குதிரையை ஒரு சுற்று வந்தாள். குனிந்து அதன் வாயைப் பார்த்தாள்.

"ச்சு" என்றாள். "காது கோணல். பல்லே இல்லே."

சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஐந்து. ஆறு.

ஏழாவது அடியில் கடைக்காரர் கூப்பிட்டார். "பாப்பா! இங்க வா, குறைச்சுத் தரேன்!"

அவள் மூன்றாவது குரலுக்குத்தான் திரும்பினாள். அதை அவளுக்கு நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக.

அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ச்சு... நடை சரியில்லே" என்றார்.

"ஆமாப்பா" என்றேன். "ரொம்ப மோசம்."