மூடி திறக்க மூன்று கையெழுத்து

ஒரு பொதுமன்றத்துக்குக் கேமரா இருக்கலாம். கேமரா இருந்தால் லென்ஸ் இருந்தே தீரும். ஆனால் அந்த லென்ஸில் கீறல் இருக்கக் கூடாது என்பதில் சென்ட்ரல் லைன் தமிழன்பர் நலமன்றம் மிகவும் உறுதியாக இருந்தது. கீறல் விழுந்த பிறகு அந்த உறுதி இன்னும் கூடியது.

கீறல் விழுந்த வரலாறு மன்றத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்கிறது. எழுதியவன் நான்தான். மும்பை மாட்டுங்காவில் நடந்த ராமநவமி விழாவில் பானகம் தெறித்து லென்ஸில் ஒரு சொட்டு விழுந்தது. தலைவர் வேங்கடசுப்ரமணியன் பாய்ந்து போய்த் தம் மேல்துண்டின் நுனியால் அதைத் துடைத்தார். அதே நுனியில்தான் அன்று காலை விபூதி பூசிய கையையும் துடைத்திருந்தார். விபூதியில் எங்கோ பொடிமணல் இருந்திருக்கிறது. பானகம் போயிற்று. தலைவரின் நெற்றியில் இருப்பது போலவே லென்ஸிலும் மூன்று கோடுகள் வந்தன.

"எதிர்பாராத இயற்கைக் காரணங்களால் சேதம்னு எழுதும் ஓய்" என்றார் தலைவர். எழுதினேன்.

புது லென்ஸ் வாங்கப்பட்டது. அதைக் காக்க லென்ஸ் பாதுகாப்பு உபகுழு அமைக்கப்பட்டது. கீறல் விஷயத்தில் முன்னனுபவம் உள்ளவர் அவர் ஒருவரே என்பதால் வேங்கடசுப்ரமணியனே அதற்கும் தலைவரானார். இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாற்காலியைக் காட்டினால் அதிலிருந்து விழக்கூடிய ஐந்து வழிகளைச் சொல்வார்.

மன்றத்துக்குப் படம் எடுத்துக் கொடுப்பவன் தாராவி மாரிக்கண்ணன். கல்யாண வீடுகளில் எடுப்பது தொழில், எங்களுக்கு எடுப்பது சேவை. அவனை உபகுழு ஆலோசனைக்கு அழைத்தது.

"ஒரு ஃபில்டர், ஒரு ஹூட், ஒரு மூடி. இந்த மூணும் இருந்தா போதும் சார்" என்றான்.

ஆபீஸில் ஆயுளைக் கழித்தவர்களிடம் 'போதும்' என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. அது அவனுக்குத் தெரியவில்லை.

"ஃபில்டர்னா என்ன?" என்றார் தலைவர்.

"லென்சுக்கு முன்னால ஒரு கண்ணாடி சார். அடிபட்டா அதுல படும். லென்சு தப்பிச்சுரும்."

"அப்போ ஃபில்டர் உடைஞ்சா?"

"வேற மாத்திக்கிடலாம்."

"அதுவும் மன்றத்தோட சொத்துதானே? அதை யார் காப்பாத்தறது?"

மாரிக்கண்ணன் என்னைப் பார்த்தான். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதல் ஃபில்டரைக் காக்க இரண்டாவது ஃபில்டர், இரண்டாவதைக் காக்க மூன்றாவது என்று முடிவாயிற்று. மூன்றாவதைக் காக்க முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஹூட். ஹூட் என்பது வெயில் லென்ஸில் அடிக்காமல் இருப்பதற்கு, நம் விழாக்கள் மண்டபத்துக்குள்தான் நடக்கின்றன என்று மாரிக்கண்ணன் சொல்லிப் பார்த்தான். "மண்டபத்துக்குக் கூரை இருக்கும்கறது ஒரு அனுமானம்தானே" என்றார் தலைவர்.

"எல்லாம் சரி. மூடி தொலைஞ்சு போயிட்டா?" என்று கேட்டார் செயலாளர் பாகீரதி. அவர் பள்ளிக்கூட ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். மூடியைக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை வைக்கத் தீர்மானம் நிறைவேறியது. தலைவர், துணைத்தலைவர், செயலாளர் ஆகிய மூவரும் கோப்பில் கையெழுத்திட்ட பிறகே மேற்படி மூடி திறக்கப்படலாம் என்றும் விதி எழுதப்பட்டது.

அடுத்த மூன்று மாதம் மன்றத்தில் ஒரு படமும் எடுக்கப்படவில்லை. ஆண்டறிக்கையில், "புதிய லென்ஸ் இன்றுவரை வெளிச்சம்கூடப் படாமல் காக்கப்பட்டுள்ளது" என்று வாசித்தேன். பலத்த கைதட்டல்.

இந்த நிலையில்தான் பேராச்சிக்குத் தையல் மிஷின் வந்தது.

பேராச்சி தாராவியில் ஒரு தையல் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகச் சட்டைக் காலர் தைக்கிறவள். கம்பெனி மாதக் கடைசியில் அம்பர்நாத்துக்கு இடம் மாறுகிறது. சொந்த மிஷின் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் துணியை வீட்டுக்கே அனுப்புவதாக முதலாளி சொல்லியிருந்தார். இல்லாதவர்கள் தினமும் ரயிலேறி அம்பர்நாத் போக வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டுவிட்டு அவளால் அவ்வளவு தூரம் போக முடியாது. செம்பூரில் உள்ள ஓர் அறக்கட்டளை எங்கள் மன்றத்தின் சிபாரிசில் அவளுக்கு ஒரு மோட்டார் மிஷின் கொடுத்தது.

கொடுத்தது என்றால் முழுதாகக் கொடுக்கவில்லை. இந்தக் காலத்தில் படம் இல்லாமல் தர்மம் நிறைவேறுவதில்லை. மிஷின் வழங்கும் படம் அன்று மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் மிஷின் திரும்பிவிடும் என்பது நிபந்தனை. போனில் எடுத்த படம் செல்லாது. சென்ற வருடம் யாரோ போனில் எடுத்து அனுப்ப, அது தானாகவே எல்லாப் பெண்களின் முகத்தையும் வெளுப்பாக்கி, கன்னத்தை இளைக்க வைத்து, உதட்டுக்குச் சாயமும் பூசிவிட்டது. "இவர்களுக்கு உதவி தேவைப்படுவதாகத் தெரியவில்லை" என்று அறக்கட்டளை பதில் எழுதியது.

செம்பூர் மண்டபத்தில் மிஷின் மாலை போட்டுக்கொண்டு நின்றது. பேராச்சி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தலைவர் கையெழுத்திட்டார். பாகீரதி கையெழுத்திட்டார். துணைத்தலைவர் சங்கரன் பாலக்காட்டில் மகள் வீட்டில் இருந்தார். போன் போட்டோம்.

"போன்ல எப்படி ஓய் கையெழுத்துப் போடறது? ஃபைலை கூரியர்ல அனுப்புங்கோ. படிச்சுப் பார்க்காம நான் எதுலயும் போடறதில்லை" என்றார் சங்கரன்.

மணி மூன்று.

"சார், அந்த மூடிய ஒரு நிமிசம் களத்துனா என்ன கெட்டுப்போவுது?" என்றாள் பேராச்சி. "தூசி விழுமேன்னா நான் சேலையால மறைச்சிக்கிடுதேன்."

"அம்மா, உனக்கு மிஷின் எவ்வளவு முக்கியமோ, எங்களுக்கு ரூல் அவ்வளவு முக்கியம்" என்றார் தலைவர்.

"ரூலு சட்ட தைக்குமா சார்?"

மாரிக்கண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "என்ன சார் லஃப்டா இது, வீண் வம்பு! அப்ப மூடியோடயே எடுத்துரவா?" என்றான் எரிச்சலாக.

தலைவர் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மூடியைத் திறக்கத்தானே அனுமதி வேணும்? படம் எடுக்க அனுமதி வேணும்னு எங்கேயாவது இருக்கா பாரும்."

புரட்டிப் பார்த்தேன். "இல்லை."

"அப்பறம் என்ன? எடுங்கோ!"

மாரிக்கண்ணன் பேராச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேமராவைக் கையில் எடுத்தான். மூடியோடு தானியங்கியில் வைத்தால் பொத்தான் அமுங்காதாம். எதையோ திருப்பினான். "அக்கா, இங்க பாருங்க. லேசா சிரிங்க." ஃபிளாஷ் அடித்தது. தலைவர் ஓடிவந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"எப்படி வந்திருக்கு?"

"கறுப்பா வந்திருக்கு சார்."

"கீறல் ஏதாவது தெரியறதா?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"பேஷ்!"

'இடமிருந்து வலம்: தலைவர், திருமதி பேராச்சி, தையல் இயந்திரம்' என்று குறிப்பெழுதி நானே அனுப்பிவைத்தேன். பதில் வரும்வரை மிஷின் மண்டபத்தை விட்டு நகரக் கூடாது என்றார் தலைவர். "நானும் நகரல" என்று பேராச்சி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கை மிஷினின் காலைப் பிடித்திருந்தது.

நாலரை மணிக்கு அறக்கட்டளை அதிகாரி சாய்நாத்திடமிருந்து போன். தலைவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார், எனக்குப் பேச்சே வரலை" என்றார் சாய்நாத்.

"ஒரு சின்ன டெக்னிகல்..."

"எட்டு வருஷமா படம் வாங்கறோம் சார். உதவி வாங்கறவங்க முகத்தை வெளியில காட்டாத முதல் படம் உங்களோடது. என்ன கண்ணியம்! எங்க போர்டு மெம்பர் ஒருத்தர் அழுதுட்டார்."

தலைவர் அரை நொடிதான் எடுத்துக்கொண்டார். "அது ஆரம்பத்துலேர்ந்தே எங்க கொள்கை" என்றார்.

அன்றே மிஷின் டெம்போவில் ஏறித் தாராவி போயிற்று. பேராச்சி முன்சீட்டில் ஏறாமல் பின்னால் மிஷினோடு நின்றுகொண்டு போனாள்.

அதன்பின் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல. எல்லாப் படங்களும் மூடியோடுதான் எடுக்கப்பட வேண்டும் என்று அறக்கட்டளை எல்லா மன்றங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அனுப்பியவர்கள் பெரிய இடம் என்பதால் அது நாகரிகமாகவும் ஆகிவிட்டது. செம்பூரில் இரண்டு நிச்சயதார்த்தங்களைக் 'கண்ணியப் பட'மாகவே எடுத்தார்கள். பெண் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டாரால் குறை சொல்ல முடியவில்லை. படத்தில் மாப்பிள்ளையும் அதே நிறம். மாரிக்கண்ணன் இதற்கு இரட்டிப்புக் கட்டணம் வாங்கினான். மூடியோடு எடுப்பது கஷ்டமான வேலை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

கடைசியில் மன்றத்துக்கே கண்ணிய விருது அறிவித்தார்கள். சிறப்பு விருந்தினர் பேராச்சி. தலைவர் பட்டு வேட்டி வாங்கினார். ஃபைலைக் கூரியரில் கேட்ட சங்கரன் விமானத்தில் வந்து இறங்கினார்.

"மாரிக்கண்ணா, இன்னிக்கு மூடியை எடுத்துடு. மூணு கையெழுத்தும் நேத்தே போட்டாச்சு" என்றார் தலைவர்.

"ஐயோ, கூடாது சார்!" என்று சாய்நாத் பதறினார். "விருதே அந்த மூடிக்குத்தானே!"

"விருது வாங்கற முகம் தெரியாட்டா எப்படி ஓய்? ஊர்ல நாலு பேருக்கு அனுப்ப வேண்டாமா?"

பேராச்சி நாற்காலியிலிருந்து எழுந்தாள். "என்ன இருட்டுல நிறுத்துனப்ப கண்ணியம்னு சொன்னியளே சார். ஒங்களுக்குக் கண்ணியம் வேண்டாமா?"

மூடி அப்படியே இருந்தது. தலைவர் மெதுவாகப் போய் வரிசையில் நின்றார்.

ஆனால் நடுவில் நிற்பது யார் என்பதில் சங்கரனுக்கும் அவருக்கும் இருபது நிமிடம் வாக்குவாதம் நடந்தது. பாகீரதி பின்வரிசையில் நிற்க மறுத்தார். "சார், வயித்த உள்ள இழுங்க" என்றான் மாரிக்கண்ணன். பொதுவாகத்தான் சொன்னான். எல்லோரும் இழுத்தோம். ஃபிளாஷ் அடித்தது. "தலைவர் கண்ண மூடிட்டாரு. இன்னொண்ணு" என்றான். இன்னொன்றும் எடுத்தான்.

அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு மன்றத்தில் தொங்குகிறது. ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டோம். மறுநாள் காலையிலேயே வேங்கடசுப்ரமணியன் எனக்குப் போன் செய்தார்.

"அந்தச் சங்கரன் தோளால என்னை மறைச்சுண்டு நிக்கறான், கவனிச்சீரா? வேற படம் எடுக்கச் சொல்லித் தீர்மானம் எழுதும்."

என் பிரதியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் என் முகம் அதில் நன்றாக விழுந்திருந்ததால் நான் தீர்மானம் எழுதவில்லை.