நன்றியுரை நானாவும் ஓர் ஒலிவாங்கியும்

இவ்விவகாரம் தொடங்கியபோது கண்டி நகரில் நான் மதிப்புக்குரிய மனிதனாகவே இருந்தேன் என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். நல்ல கல்லூரியில் கற்றவன். அரச அலுவலகமொன்றில் பிரதம எழுதுவினைஞன். கழுத்துப்பட்டி அணியாமல் எந்தப் பொதுக்கூட்டத்துக்கும் போகாதவன். எங்கள் சேவைக் கழகம் என்னைத் தலைவராகத் தெரிவு செய்தபோது எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை. என் தலைமையில் கூட்டங்கள் யாவும் குறித்த நேரத்தில் தொடங்கின. அவை குறித்த நேரத்தில் முடியாமற்போனதற்கு ஒரே காரணம் நன்றியுரை நானா.

மலைநாடு முழுவதிலும் நன்றி என்ற சொல்லை அவரளவு தாராளமாகச் செலவழித்தவர் எவருமில்லை. மடவளையில் புடைவைக் கடை வைத்திருந்தார். மிகவும் குள்ளமானவர், அவர் எழுந்து நின்றாலும் இன்னும் எழவில்லை என்றே பின்வரிசையினர் நினைப்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் அங்கத்துவ அட்டையில் இருந்தது; வேறெங்கும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. நானா என்றால் அண்ணன்; அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் நானாதான்.

கழகத்தில் அவருக்கு ஒரே பொறுப்பு, கூட்ட முடிவில் நன்றி கூறுவது. மேசை விரிப்பில் தொடங்குவார். அதை வெளுத்தவர், குத்துவிளக்கு, விளக்கின் எண்ணெய், எண்ணெய் விற்ற கடை என்று படிப்படியாக ஏறிப் பிரதம விருந்தினரை அடைவதற்குள் பிரதம விருந்தினர் தமது காரை அடைந்திருப்பார். ஒருமுறை, கூட்டம் முடியும்வரை பெய்யாதிருந்த மழைக்கு நன்றி சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, மண்டபத்துத் தகரத்தில் மழை கொட்டியது. “அந்த நன்றிய வாபஸ் எடுக்கிறன்” என்று அறிவித்துவிட்டு, குடை கொண்டுவந்திருந்தவர்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கினார்.

இவை பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாதது வேறு. நானா தமது உரையை முந்தின நாளே மனத்துக்குள் தயாரித்துவிடுவார். அதன்பின் கூட்டத்தில் எது நடந்தாலும் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டார். பாம்புக்கடியைப் பற்றிப் பேச நாங்கள் அழைத்த வைத்தியர், தமது சீமைப் பயணத்தைப் பற்றியே பேசிவிட்டு அமர்ந்தார். நானா எழுந்தார்.

“பாம்பு கடிச்சா மொதல்ல என்ன செய்யோணும் எண்டு டொக்டர் மிச்சம் வெளக்கமா சென்னாங்க. அதுக்கு நன்றி.”

“எப்பங்க சொன்னாரு? நம்ம தூங்கிட்டமா?” என்றார் முன்வரிசையில் ஒருவர்.

வைத்தியர் முகம் சிவந்து, மறுபடியும் எழுந்து, பாம்புக்கடியைப் பற்றி முழுமையாகச் சொல்லிவிட்டே வீடு போனார்.

அன்று நானாவுக்கு ருசி பிடித்துவிட்டது. நடக்காதவற்றுக்கெல்லாம் நன்றி சொல்லக் கிளம்பினார். எங்கள் சிரமதானத்துக்கு இலவசமாக பஸ் தந்தமைக்காகக் கலஹா பஸ் முதலாளிக்கு மேடையில் நன்றி கூறினார். முதலாளியோ சும்மா தேநீர் குடிக்க வந்தவர்.

“என்னா நானா இது! பஸ்சு தர்றேன்னு நான் எப்பங்க சொன்னேன்?”

“நீங்க செல்லல்ல மொதலாளி. அவ்வளவு அடக்கம்! அதுக்கும் சேத்து நன்றி!”

மண்டபம் கைதட்டியது. கைதட்டலுக்கு நடுவே எழுந்து நின்று இல்லை என்று சொல்லக்கூடிய மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பஸ் வந்தது.

நான் நானாவை அழைத்துக் கண்டித்தேன். “நன்றிங்கிறது நடந்ததுக்குச் சொல்றது, நானா. அதுதான் முறை.”

“நடந்ததுக்கு எல்லாரும் செல்லுவாங்க தலைவர். நடக்காததுக்குச் செல்ல ஒரு ஆள் வேணாமா?”

இப்படிப்பட்டவரோடு முறையைப் பற்றி என்ன பேசுவது?

அந்த வருடம் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தத் தீர்மானித்தோம். முன்கூட்டி நிலைமையை அறிய நானே போயிருந்தேன். பார்வை மங்கிய பெண்கள் முற்றிய இலையைக் கிள்ளிப்போட்டு, நிறுவையில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வயதான ஓர் அம்மாள், கழுத்துப்பட்டி அணிந்த என்னை விட்டுவிட்டு எங்கள் ஜீப் சாரதியின் கைகளைப் பற்றிக்கொண்டார்.

“தலைவருங்களா? கண்ணு மட்டும் தெரிஞ்சா கொழுந்து எடுத்துருவேங்க. இல்லாட்டி இந்த மாசத்தோட பேர வெட்டிருவாங்களாம் சாமி.”

அவருடைய பார்வை எந்த நிலையில் இருந்தது என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

கண் வைத்தியர் மாற்றலாகிப் போகவிருந்தார். அவருக்கு வசதியாக இருந்தது ஒரேயொரு புதன்கிழமை. அன்று வேலையை நிறுத்தத் தோட்டத்து முகாமையாளரான துரை சம்மதிக்க வேண்டும். ஆகவே துரையையே பிரதம விருந்தினராக அழைத்தேன். அவர் யாழ்ப்பாணத்தவர், கண்டிப்பானவர். கூட்டம் கௌரவமாக நடக்க வேண்டுமென்பதால், நன்றியுரையை நானே ஆற்றுவேன் என்று நானாவிடம் அறிவித்தேன்.

“சரி தலைவர். என்ன நிப்பாட்டினதுக்கும் நன்றி” என்று சொல்லிவிட்டு, அவர் கடைசி வரிசைக்குப் போய்க் கதிரையில் அமர்ந்துகொண்டார்.

கூட்டத்துக்கு முன் தேநீர் அருந்துகையில் விடயத்தைத் துரையிடம் முறைப்படி சமர்ப்பித்தேன்.

“இப்ப கொழுந்து பொங்கி வாற காலம், தலைவர். வேலையை நிப்பாட்ட ஏலாது. பிறகு பாப்பம்” என்றார் அவர். வைத்தியருக்குப் பிறகு என்பது கிடையாது என்று விளக்கினேன். துரை இன்னுமொரு கரண்டி சீனி போட்டுக்கொண்டார்.

மேடையில் அவர் ரோசாச் செடி வளர்ப்பைப் பற்றிப் பேசினார். கிளைகளை எப்போது வெட்டுவது, எங்கே வெட்டுவது, ஏன் வெட்டுவது என்று எதையும் விடவில்லை. முகாமைப் பற்றி மூச்சில்லை. நான் எழுந்தேன். என் நன்றியுரை தயாராகவே இருந்தது; பிழையற்ற தமிழ். அதில் ரோசாவுக்கு நன்றி இருந்தது, புதன்கிழமைக்கு இடமிருக்கவில்லை. சாரதியின் கைகளைப் பற்றிய அந்த அம்மாளின் நினைவு வந்தது. ஒலிவாங்கியை நெருங்கி, “நன்றியுரை, நானா” என்று அறிவித்தேன்.

வாயிலிருந்த பெட்டிஸை விழுங்கியபடி அவர் ஓடிவந்தார். ஒலிவாங்கித் தண்டு என் உயரத்துக்கு நிறுத்தப்பட்டிருந்தது. துருப்பிடித்ததால் கீழே இறங்க மறுத்தது. ஆயினும் நன்றியுரை தொடங்கியது, மேசை விரிப்பிலிருந்து. வெளுத்தவரைக் கடந்து, விளக்கைக் கடந்து, எண்ணெயைக் கடந்து வந்தது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“கடைசியா, நம்மட தொர அவங்க. வார புதன்கெழம கண் முகாமுக்குத் தோட்டத்துச் சனத்துக்கு முழு நாளும் லீவு குடுத்து, சம்பளமும் வெட்டாம, லொறியும் தாறாங்களே! அதுக்கு அல்லாஹ் அவங்களுக்கு ரஹ்மத் செய்யோணும்!”

மண்டபம் அதிர்ந்தது. முதலில் கைதட்டியவர் துரையின் மனைவி. “இஞ்சருங்கோ, எனக்குக்கூடச் சொல்லாமல் வச்சிருந்தனீங்கள்!”

துரை என் பக்கம் சாய்ந்தார். “நான் எப்ப சொன்னனான்? நீங்களாவது சொல்லுங்கோ, தலைவர்.”

“கைதட்டுற சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க” என்றேன். அது முழுக்க உண்மை.

கைதட்டல் தணிவதைக் கண்ட நானா, “பகல் சோத்துக்கும் நன்றி!” என்று சேர்த்தார். கைதட்டல் மறுபடியும் எழுந்தது. துரையும் எழுந்து கைகூப்பினார். அவருக்கு வேறு வழியிருக்கவில்லை.

புதன்கிழமை முகாம் நடந்தது. லொறி வந்தது, சோறும் வந்தது. இதைத் தாம் முதலிலேயே யோசித்திருந்ததாகத் துரை வைத்தியரிடம் கூறியதை நானே கேட்டேன். மூக்குக்கண்ணாடி பெற்ற அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் உற்றுப் பார்த்து, “அன்னைக்கு ஜீப்பு ஓட்டிக்கிட்டு வந்த தம்பிதானே?” என்றார். இதைப் பற்றி நான் கருத்துக் கூற விரும்பவில்லை.

அக்கூட்டத்துப் புகைப்படம் ஒன்று பத்திரிகையில் வெளிவந்தது. அதில் நானாவின் தொப்பி மட்டும் தெரிகிறது. என் இரு கைகளும் ஒலிவாங்கியின் கழுத்தில் இருக்கின்றன, முகமோ கடுகடுவென்றிருக்கிறது. அன்றிலிருந்து, நானாவிடமிருந்து ஒலிவாங்கியைப் பறிக்கத் தலைவர் போராடினார், நானா விடவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. நானா மறைந்தபின் நடந்த அனுதாபக் கூட்டத்திலும் ஒருவர் அதையே சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அது தவறு. நான் பறிக்கவில்லை. தண்டு கீழே இறங்காததால், அதைச் சாய்த்து அவருடைய வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலித்தது. அவர் முடிக்கும்வரை விடவில்லை.