ஒரே பீஸ்ல வெட்டினது

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான் படம் எடுத்திருக்கிறேன். அது என் சொந்த அக்கா ஸ்டெல்லாவின் கல்யாணம். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. (கூப்பிட்டாலும் போகிற முகம் எனக்கு இல்லை.)

அப்போது எனக்கு நட்சத்திரப் பைத்தியம் முற்றியிருந்தது. நிவித்திகலப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மழை விட்டு வானம் தெரிகிற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் கொழும்புக்குப் போய், வானத்தைப் படம் எடுப்பதற்கென்றே மாற்றிய பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தேன். சாதாரணக் கேமராவுக்குள், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தடுக்க ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். இதில் அதைப் பிடுங்கியிருந்தார்கள். விற்ற சிங்கள அண்ணன், அந்த ஒளியைத் தடுக்க லென்ஸில் மாட்டுகிற பில்டர் ஒன்றையும் கையில் கொடுத்து, "தவல்ட பில்டர் எக தான்ன, மல்லி" என்றார். பகலில் இதைப் போடு தம்பி என்று அர்த்தம். பெரிய மேதை மாதிரி தலையாட்டினேன்.

கல்யாணம் முடிவானதும், "வேற கேமராக்காரன் எதுக்கு? மனுசக் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் என் கேமராவுல தெரியும்" என்று மார்தட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல், என்னையே எடுக்கச் சொன்னாள்.

அக்காவுக்கு எஹலியகொடையில் ஒரு தையல் கடையில் வேலை. மாப்பிள்ளையின் உடுப்பைத் தானே தைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கோட்டுக்கு வெட்டியதும் கால்சட்டைக்குத் துணி போதவில்லை. கடையிலும் அந்தத் துணி முடிந்துவிட்டது. இரண்டு வாரம் கடைகடையாக ஏறி இறங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்து, கால்சட்டைக்கு அச்சு அசலாக அதே கறுப்பில் வேறு துணி பிடித்தாள்.

வருங்கால மாமியார், கஹவத்தையில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவர், லேசுப்பட்டவர் இல்லை. உடுப்பைத் தடவிப் பார்த்து, "ஒப்பேத்துற வேலை எனக்குப் புடிக்காது. ஒரே துணிதானே?" என்றார்.

"ஆமாங்க அத்தை. ஒரே பீஸ்ல வெட்டினது."

பிறகு அக்கா என்னைத் தனியாக இழுத்துப் போய், "வாயத் தொறந்தே, கொன்னுருவேன்" என்றாள்.

கல்யாணத்தன்று பில்டரை அலுமாரியிலேயே விட்டுவிட்டுப் போனேன். வெள்ளையை வெள்ளையாகவே காட்டும்படி கேமராவைத் திருத்துகிற வைட் பேலன்ஸ் தெரிந்தவனுக்குப் பில்டர் எதற்கு? (எவ்வளவு கொழுப்பு பாருங்கள்!) அக்காவின் வெள்ளைச் சேலைக்கு நேரே பிடித்து வைட் பேலன்ஸ் வைத்தேன். கேமராவின் சின்னத் திரையில் சேலை பால் மாதிரி இருந்தது. வெள்ளை சரியென்றால் எல்லாம் சரி என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, பிறகு அந்தத் திரையைப் பார்க்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டு டிவியில் படங்களைப் போட்டோம். அக்காவின் சேலை வெள்ளை. மாதா கோயிலுக்குப் பின்னால் தேயிலை முழுக்க ரோஸ். மச்சானின் கால்சட்டை கறுப்பு. கோட் மட்டும் நல்ல மெரூன்.

"என்னா தம்பி இது?" என்றார் அத்தை. "கேமரா பழுதா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என் கேமராவைப் பழுது என்றதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"கேமராவுல ஒரு பழுதும் இல்லீங்க. ஒரே துணின்னா ரெண்டும் ஒரே மாதிரி செவந்திருக்கும். இது வேற வேற துணி, சாயம் வேற. ஒண்ணு அந்த அகச்சிவப்பு ஒளியத் திருப்பி அனுப்புது, மத்தது விழுங்கிருது. அதான் கேமரா காட்டிக் குடுக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

"ஒரே பீஸ்ன்னியே, ஸ்டெல்லா?" என்றார் அத்தை மெதுவாக.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மடியில் சொட்டியது. "அம்மா, போட்டிருந்த எனக்கே தெரியலயே!" என்று மச்சான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அத்தை எழும்பி உள்ளே போய்விட்டார். இரண்டு மாதம் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. புது வீட்டில் அவள் பட்ட அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

இப்போது அத்தைக்கு அது பெரிய பகிடி. வீட்டில் யார் புளுகினாலும், "தம்பி, அந்தக் கேமராவக் கொண்டாப்பா" என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்வேன்.

அக்கா இன்று சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். கோட் தைக்க யாராவது வந்தால், இரண்டு துண்டுக் கறுப்புத் துணியை எனக்கு அனுப்பிவிட்டுப் போன் எடுப்பாள்.

"ரெண்டும் ஒரே கறுப்பான்னு உன் கேமராவுல பாருடா. பாத்துட்டு, என்கிட்ட மட்டும் சொல்லு."